ஒரே தெருவில் இரண்டு சட்டங்கள்

யூதர், பாலஸ்தீனியர் ஆகிய இரு மக்களின் அரசுரிமை பற்றியும் அமைதிக்கான வழிகள் பற்றியும் ஆராயும் இக்கருத்தரங்குக்குத் தலைமை தாங்கப் பணித்தமைக்கு நன்றி.

ஜோர்டான் நதிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடைப்பட்ட சிறு நிலத்தில் ஏறத்தாழ எழுபது லட்சம் யூதர்களும் அதே அளவு பாலஸ்தீனியர்களும் வாழ்கிறார்கள். இரு தரப்பாருக்கும் அதுவே தாயகம். ஒரு தரப்பாரை இல்லாமல் ஆக்கிவிட்டு வரைகிற எந்தத் திட்டமும் இந்த அவையின் ஆய்வுக்கு உரியதன்று.

ஓர் அரசா, இரண்டு அரசுகளா என்ற வழக்கு பழையது. 1947இல் ஐ.நா. அமைத்த பதினோரு நாடுகளின் குழுவில் ஏழு நாடுகள் பிரிவினையைப் பரிந்துரைத்தன. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்றும் கூட்டாட்சியை முன்வைத்தன. யூதர்களுக்குள்ளேயே ஜூதா மாக்னஸ், மார்ட்டின் பூபர் போன்ற சிந்தனையாளர்கள் இரு இனத்தாரும் சமமாக ஆளும் ஒரே அரசைக் கேட்டார்கள். அவர்களுக்கு இரு பக்கமும் ஆதரவு திரளவில்லை. நவம்பர் 29 அன்று பிரிவினைத் தீர்மானம் 33க்கு 13 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்குப் பாதிக்கு மேற்பட்ட நிலம் ஒதுக்கப்பட்டதை அரபு நாடுகள் ஏற்கவில்லை.

தொடர்ந்து வந்த போரில் சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனியர்கள் வீடிழந்தார்கள். அடுத்த ஆண்டுகளில் அரபு நாடுகளிலிருந்து பல லட்சம் யூதர்கள் வேரோடு பெயர்ந்து வந்தார்கள். ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டு அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை. யூதர்களின் அச்சத்தையும் பாலஸ்தீனியரின் இழப்பையும் ஒருங்கே உணராதவர்களால் இச்சிக்கலைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது.

இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்துகொண்ட 1993 ஓஸ்லோ ஒப்பந்தம் ஏன் முறிந்தது? எல்லை, ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள் ஆகிய கடினமான வினாக்களையெல்லாம் கடைசிக்கு ஒத்திவைத்தார்கள். ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாடாக மேற்குக் கரை ஏ, பி, சி எனப் பகுக்கப்பட்டது. அறுபது விழுக்காடு நிலம் அடங்கிய சி பகுதி இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் இன்றும் இருக்கிறது. அப்போது அங்கே ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த யூதக் குடியேறிகள், கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக, ஐந்து லட்சத்தை எட்டிவிட்டார்கள். பாலஸ்தீன இயக்கமான ஹமாஸின் தற்கொலைத் தாக்குதல்கள் இஸ்ரேலியரின் நம்பிக்கையைக் குலைத்தன. 1995 நவம்பரில் இஸ்ரேலியப் பிரதமர் இட்சாக் ராபினை ஒரு யூதத் தீவிரவாதியே சுட்டுக் கொன்றான்.

மேற்குக் கரையின் ஹெப்ரான் நகரைச் சற்று உற்று நோக்குங்கள். 1929இல் அங்கே 67 யூதர்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். 1994இல் இப்ராகிமி மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 முஸ்லிம்களை ஒரு குடியேறி சுட்டுக் கொன்றான். ஆபிரகாமின் கல்லறை என இரு சமயத்தாரும் போற்றும் அந்தக் கட்டடம் இன்று இரண்டாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. ஆண்டில் பத்து நாள் மட்டும் கட்டடம் முழுவதும் யூதர்களுக்கு, வேறு பத்து நாள் முஸ்லிம்களுக்கு. 1997 உடன்பாட்டின்படி நகரின் ஐந்தில் ஒரு பங்கு இஸ்ரேலிய ராணுவத்தின் கையில் உள்ளது. கடைவீதியாக இருந்த ஷுஹதா தெருவில் பாலஸ்தீனியரின் கடைகள் மூடிக் கிடக்கின்றன. அங்கே ஒரு பாலஸ்தீனச் சிறுவன் கல்லெறிந்தால் ராணுவ நீதிமன்றத்துக்குப் போகிறான். குடியேறி வீட்டுச் சிறுவன் எறிந்தால் அவனுக்கு இஸ்ரேலின் சிவில் சட்டம். ஒரே தெரு, ஒரே குற்றம், இரண்டு சட்டங்கள்.

ஆகவே, அரசுகள் எத்தனை என்று எண்ணுவதற்கு முன்பு, அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் எந்தச் சட்டம், எந்த வாக்குரிமை, எந்தப் பாதுகாப்பு என்று கேட்போம். 2003இன் ஜெனீவா முன்முயற்சிபோல 1967 போருக்கு முந்தைய எல்லையை ஒட்டி இரு அரசுகளைக் கோருவோர், குடியேறிகளை என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீத் வாதிட்ட ஒரே அரசைக் கோருவோர், மீண்டும் பாதுகாப்பற்ற சிறுபான்மையாகிவிடுவோமோ என்று அஞ்சும் யூதர்களுக்கு என்ன உறுதி என்று சொல்ல வேண்டும். 2022இல் இஸ்ரேலின் யோசி பெய்லினும் பாலஸ்தீனத்தின் ஹிபா ஹுசைனியும் முன்வைத்த இரு அரசுகளின் கூட்டமைப்பை ஆதரிப்போர், திறந்த எல்லையை யார் காவல் காப்பது என்று விளக்க வேண்டும்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள்; ஏறத்தாழ 250 பேர் பிணைக் கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். அதன்பின் இஸ்ரேல் தொடுத்த போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டார்கள், நகரங்கள் தரைமட்டமாயின. 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு சட்டவிரோதமானது என்று கருத்துரைத்தது. 2025 செப்டம்பரில் பிரிட்டன், பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை பாலஸ்தீனத்தை அங்கீகரித்தன. அந்த அங்கீகாரத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் சொந்த நீதிமன்றமும் தடையற்ற சாலையும் வராதவரை அது பெயரளவிலேயே நிற்கும்.

சம உரிமையைப் பேச்சுவார்த்தையின் கடைசிப் பரிசாக வைத்தது ஓஸ்லோ காலத்தின் பெரும்பிழை என்பது என் உறுதியான கருத்து. அது முதல் நிபந்தனையாக வேண்டும். பாலஸ்தீனியருக்கு விடுதலை இல்லாமல் யூதருக்குப் பாதுகாப்பு நிலைக்காது. யூதருக்குப் பாதுகாப்பு இல்லாமல் பாலஸ்தீனியரின் விடுதலையும் நிலைக்காது.

கட்டுரையாளர்களே, நீங்கள் எந்தத் தீர்வை முன்மொழிந்தாலும், அந்தத் தெருவின் இரு சிறுவர்களுக்கும் அது ஒரே சட்டத்தைத் தருமா என்ற வினாவுக்கு விடை சொல்லுங்கள். விடை சொல்லாத திட்டத்தை, அது யாருடையதாக இருந்தாலும், தயங்காமல் மறுத்துப் பேசுங்கள். இந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.