ஏகலைவர் இருவர்



நல்ல சங்கீதம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் கோயிலையோ, சபாவையோ, மார்கழி மாதத்துச் சென்னையையோ சுட்டிக் காட்டுவோம். பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இந்த எண்ணம் இன்னும் அழுத்தமாகவே இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து போகையில், பாட்டு ஒன்றாவது தேயாமல் இருக்கட்டும் என்று விரும்புகிறோம். மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாகப் புணே நகருக்கு வந்து சேர்ந்த நானும் அவ்வாறே விரும்பினேன். என் மகளுக்கு எட்டு வயது நிரம்பியதும் ராஸ்தா பேட்டையில் ஓர் அம்மையாரிடம் பாட்டுக்கு அனுப்பினேன். வர்ணங்கள் வந்தன, கீர்த்தனங்கள் வந்தன, என் மனமும் குளிர்ந்தது.

அவள் பள்ளிப் படிப்பை முடித்த அன்று, "இனி என்னம்மா செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டேன். "கணினி விளையாட்டுகளுக்கு இசை அமைக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன், அப்பா" என்றாள். சிறுவர்கள் திரையில் உருவங்களை ஓட விட்டும் தாவ விட்டும் விளையாடுகிறார்களே, அவ்விளையாட்டின் பின்னே ஓயாமல் ஒலிக்கும் இசையைத்தான் அவள் கூறினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "பத்தாண்டுகள் பாட்டுக் கற்றது பொம்மைக்குப் பின்பாட்டுப் பாடவா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சினக்கவில்லை. "நான் அமைத்ததை நீங்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா, அப்பா?" என்று மட்டும் வினவினாள்.

கேட்டதில்லை. கேளாமலே தீர்ப்புக் கூறியவன் நான். அந்தக் கூச்சத்தினாலே, இத்துறையில் பெயர் பெற்றவர்கள் யார், அவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்கலானேன். அவ்வாறு அறிந்துகொண்டவற்றையே இன்று தங்கள் முன் வைக்கிறேன்.

ஜப்பான் நாட்டின் ஷிகோக்குத் தீவிலுள்ள கோச்சி என்னும் ஊரில் 1959-ஆம் ஆண்டு பிறந்தவர் நொபுவோ உயெமட்சு. பியானோவைத் தாமாகவே வாசித்துப் பழகியவர். இசைக் கல்லூரியின் வாயிலை மிதித்தவரல்லர். கனகாவா பல்கலைக்கழகத்தில் பயின்று வெளிவந்த பின், டோக்கியோவில் இசைத்தட்டுகளை வாடகைக்கு விடும் கடை ஒன்றில் வேலை பார்த்தார். அப்பொழுது ஸ்கொயர் என்னும் விளையாட்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் சில விளையாட்டுகளுக்கு இசை அமைத்துக் கொடுத்தார். 1986-இல் அந்நிறுவனத்திலேயே சேர்ந்துவிட்டார். மறு ஆண்டு வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டஸி' என்ற விளையாட்டுக்கு அவர் அமைத்த இசை, அவர் பெயரை உலகெங்கும் கொண்டு செல்வதற்கு முதற்படியாயிற்று.

அந்நாளில் அவர் கையில் இருந்த வாத்தியம் எத்தகையது என்பதை நேயர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நின்டெண்டோ நிறுவனத்தின் விளையாட்டுப் பெட்டிக்குள் இருந்த சிறு சில்லு ஒன்றே அவருடைய வாத்தியம், பக்கவாத்தியம் எல்லாம். சுரம் காட்டக்கூடிய ஒலிகள் ஒரே சமயத்தில் மூன்றுதான் அதில் எழும். நான்காவதாக ஓர் இரைச்சல் உண்டு. அதைத் தாளத்துக்குப் பயன்படுத்தலாம். இவற்றுக்கு மேல் எதையும் பெரிதாக நம்ப முடியாது. ஆர்மோனியத்தில் மூன்று விரல்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு காவியத்துக்கு இசை அமை என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட நிலை அது.

இன்னொரு தொல்லையும் உண்டு. நாடகத்தில் ஒரு காட்சி எவ்வளவு நேரம் நிகழும் என்பது இசையமைப்பவருக்குத் தெரியும். விளையாட்டில் அது தெரியாது. ஒரு கோட்டையை ஒரு சிறுவன் ஐந்து நிமிடத்தில் கடப்பான். மற்றொருவன் ஒரு மணி நேரம் தடுமாறுவான். அதுவரையில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் சலிக்கக் கூடாது. முடிவும் தொடக்கமும் தையல் தெரியாமல் இணைய வேண்டும். எத்தனை முறை எடுத்தாலும் சலிக்காத பல்லவியின் இலக்கணம் நம் இசைவாணர்கள் அறியாததன்று. அதே இலக்கணத்தை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள் ஜப்பானியர்.

காலப்போக்கில் பெட்டியின் ஆற்றல் பெருகியது. 1994-இல் வந்த ஆறாவது 'ஃபைனல் ஃபேன்டஸி'யில், மேலைநாட்டு இசை நாடகம் ஒன்றின் காட்சியையே கதைக்குள் அமைத்தார் உயெமட்சு. உண்மையான மனிதக் குரலை அன்றைய பெட்டியால் பாட வைக்க இயலவில்லை. குரல் போன்ற ஓர் ஒலியை வைத்தே அதை நடத்திக் காட்டினார். 2002-இல் டோக்கியோவில் ஒரு பெரிய வாத்தியக் குழு அவருடைய மெட்டுகளை மேடையில் வாசித்தது. 2004-இல் அவர் நிறுவனத்தை விட்டு வெளியேறித் தனித்துப் பணியாற்றலானார். 2007-இல் ஸ்டாக்ஹோம் நகரில் தொடங்கிய 'டிஸ்டன்ட் வோர்ல்ட்ஸ்' என்னும் கச்சேரி வரிசை பல நாடுகளைச் சுற்றி வந்துள்ளது. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் பல நாட்டு வீரர்களும் அணிவகுத்து வந்தபொழுது, அரங்கில் ஒலித்தவை விளையாட்டுகளின் இசையே. அவற்றுள் உயெமட்சுவின் மெட்டுகளும் இருந்தன. தன் வீட்டுக்கு வந்த உலகத்தை வரவேற்க ஒரு நாடு தேர்ந்தெடுத்த இசை அது. அதைத்தான் நான் பொம்மைக்குப் பின்பாட்டு என்று கூறியிருந்தேன்.

இவற்றையெல்லாம் என் அலுவலகத்து மராத்தி நண்பர் ஒருவரிடம் வியந்து கூறினேன். அவர் முறுவலித்தார். "இதற்கு ஜப்பான் வரையில் போக வேண்டுமா? இந்தப் புணேயில் எங்கள் கேசவராவ் போளே செய்ததும் இதுதானே!" என்றார். ஹீராபாக் பக்கம் ஜோத்ஸ்னா போளே அரங்கத்தைப் பலமுறை கடந்து சென்றிருக்கிறேன். அந்த அம்மையார் புகழ் பெற்ற பாடகி, நாடக நடிகை என்பது வரையில் தெரியும். அவருடைய கணவரின் கதையை நண்பர் வாயிலாகவே அறிந்தேன்.

கேசவராவ் போளே 1896-இல் பிறந்தவர். மருத்துவம் பயிலத் தொடங்கியவர். சங்கீதம் அவரை இழுத்துக்கொண்டது. பெரிய பாடகர்களை அவர் கேட்டார். மீண்டும் மீண்டும் கேட்டார். கேட்டதை ஆராய்ந்து எழுதினார். 'வசுந்தரா' என்னும் பத்திரிகையில் அவர் எழுதிய இசை விமரிசனங்களுக்கு அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர் 'ஏகலைவன்'. குருவின் உருவத்தை எதிரே வைத்துக்கொண்டு தானே வில் பயின்ற அந்த வேடச் சிறுவனின் பெயரை ஓர் இசை விமரிசகர் ஏற்றுக்கொண்டார் என்றால், அதில் பணிவும் உண்டு, பிடிவாதமும் உண்டு.

1933-இல் 'ஆந்தள்யாஞ்சி சாளா' என்ற மராத்தி நாடகம் அரங்கேறியது. நார்வே நாட்டு ஆசிரியர் பியோர்ன்சனின் நாடகத்தைத் தழுவியது அது. அதற்கு இசை அமைத்தவர் போளே. மராத்தி மேடையில் அந்நாளில் பாட்டு என்பது தனி அரசாட்சி செய்து வந்தது. ரசிகர்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்கக் கேட்க, கதை காத்துக்கொண்டு நிற்கும். போளேயோ பாட்டைக் கதைக்குள் அடக்கி வைத்தார். பாடும் பாத்திரத்தின் மனம் எவ்வளவு பேசுமோ அவ்வளவே பாட்டும் பேசியது.

அதே ஆண்டில்தான் பிரபாத் திரைப்பட நிறுவனம் கோலாப்பூரிலிருந்து புணேக்குக் குடிபெயர்ந்தது. இந்தியாவில் படம் பேசத் தொடங்கி அப்பொழுது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. சங்கீத வித்துவான் என்று மதிக்கப்பட விரும்பும் ஒருவர், சினிமாக் கொட்டகையின் பக்கம் செல்வதற்குத் தயங்கிய காலம் அது. போளே தயங்கவில்லை. 1934-இல் வெளிவந்த 'அம்ருத மந்தன்' படத்துக்கு அவர் இசை அமைத்தார்.

அவருடைய திறமையைக் காட்ட இரண்டு படங்களே போதும். முதலாவது, 1936-இல் வெளிவந்த 'சந்த் துக்காராம்'. தாம்லே, ஃபத்தேலால் இருவரும் இயக்கிய இப்படம் 1937-இல் வெனிஸ் நகரத்துத் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்றது. படத்தின் தொடக்கத்தில் துக்காராம் தம் அபங்கம் ஒன்றைப் பாடுகிறார். விஷ்ணுபந்த் பாக்னிஸின் குரலில் அது ஆற்று நீர் போல ஓடுகிறது, அலங்காரம் இல்லை, அவசரமும் இல்லை. அடுத்தாற்போல் ஸாலோமாலோ என்னும் போலிப் பண்டிதன் அதே பாட்டைத் திருடித் தன் பாட்டாகப் பாடுகிறான். அதில் சுழற்றல்களும் மினுக்கல்களும் நிறைந்திருக்கின்றன. சொற்கள் ஒன்றே, இசை மட்டும் வேறு. ஒருவன் பக்தன், மற்றவன் வேடதாரி என்பதை எந்த வசனமும் சொல்ல வேண்டியதில்லை. பாட்டே சாட்சி சொல்லிவிடுகிறது. சங்கீதம் மிகத் தெரிந்த ஒருவர், வேண்டுமென்றே அதைக் குறைத்துக்கொண்டாலன்றி இது இயலாது.

இப்படத்தில் சாந்தாராம் ஆடவலே இயற்றிய பாட்டு ஒன்றும் உண்டு. அது துக்காராமின் வாக்கே என்று பலர் நம்பிவிட்டார்கள். பாட்டு எழுதியவர் தம்மை மறைத்துக்கொண்டதுபோலவே, மெட்டமைத்தவரும் மறைந்துகொண்டார் என்றுதான் கூற வேண்டும்.

இரண்டாவது படம் 1937-இல் வெளிவந்த 'குங்கூ'. வயோதிகர் ஒருவருக்கு வஞ்சகமாக மணம் செய்விக்கப்பட்ட இளம்பெண், அந்தத் திருமணத்தை ஏற்க மறுத்து நிற்கும் கதை. சாந்தாராம் இயக்கிய இப்படத்தில் பின்னணி வாத்திய இசையே கிடையாது. வீட்டில் இயல்பாக எழும் ஓசைகளும், கதைமாந்தர் தாமே பாடும் பாட்டுகளுமே உண்டு. நாயகியாக நடித்த சாந்தா ஆப்தே, அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் ஆங்கிலக் கவிதை ஒன்றைப் பாடுகிறார், அதுவும் இப்படத்தில்தான். ஓர் இசையமைப்பாளர் தம் படத்தில் வாத்தியங்களை வாய் திறக்காமல் இருத்துவது எளிய காரியமா? எங்கே பேசக் கூடாது என்பதை அறிந்தவனே பேச்சாளன் என்பர். இசைக்கும் அது பொருந்தும்.

போளே காலமானார். பிரபாத் நிறுவனமும் காலத்தால் கலைந்துபோயிற்று. லா காலேஜ் சாலையில் அதன் படப்பிடிப்பு நிலையம் இருந்த இடத்தில் 1960-இல் மத்திய அரசு திரைப்படப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது.

ஜப்பானியர் உயெமட்சு, மராத்தியர் போளே ஆகிய இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்க்கிறேன். ஒருவர் இசைத்தட்டுக் கடையிலிருந்து வந்தவர். மற்றவர் மருத்துவப் படிப்பிலிருந்து வந்தவர். கற்றோர் மதியாத ஒரு புதிய கருவியின் முன்னே இருவரும் சென்று அமர்ந்தார்கள். கருவியின் குறையை நொந்துகொள்ளாமல், அந்தக் குறைக்குள்ளேயே இடம் தேடினார்கள். தம் இசையைக் கதைக்கு ஊழியம் செய்ய வைத்தார்கள். ஊழியம் என்பதால் இசை தாழ்ந்துவிடவில்லை. ஏகலைவன் என்ற பெயர் போளேக்கு மட்டும் உரியதன்று, உயெமட்சுவுக்கும் உரியதே.

இதைச் சொல்லும்பொழுது என் தொழிலும் நினைவுக்கு வருகிறது. பிறர் எழுதியதை மொழிபெயர்ப்பதே என் பணி. சுற்றறிக்கையின் அடியில் என் பெயர் இராது. வாக்கியம் சரளமாக இருந்தால், இது மொழிபெயர்ப்பு என்பதே படிப்பவருக்குத் தோன்றாது; தோன்றாமல் இருப்பதே என் வெற்றி. இருபதாண்டுக் காலமாக இத்தகைய மறைந்த வேலையைச் செய்து, அதில் பெருமையும் கொண்டவன், தன் மகள் மறைந்து நின்று இசைக்க விரும்பியபோது ஏளனம் செய்தானே என்று எண்ணி வெட்கமுற்றேன்.

அன்றிரவு அவள் அறைக்குச் சென்று, "நீ அமைத்ததைப் போடம்மா, கேட்கிறேன்" என்றேன். அரை நிமிடமே நீடித்த சிறிய மெட்டு அது. மழையில் ஒரு சிறுமி வீடு தேடி நடக்கும் காட்சிக்காக அமைத்தாளாம். அது முடிந்தது, மீண்டும் தொடங்கியது. இரண்டாம் முறை, ராஸ்தா பேட்டை அம்மையார் கற்பித்த மோகன வர்ணத்தின் சாயல் ஒன்று அதில் தென்பட்டது. மூன்றாம் முறை, அந்த இடம் எப்பொழுது வரும் என்று காத்திருந்தேன். நான்காம் முறை, அது மெட்டு என்பதே மறந்து, அச்சிறுமி வீடு போய்ச் சேர்ந்தாளா என்ற கவலை வந்துவிட்டது.

இத்துறையில் அவளுக்கு நிலையான வருவாய் கிட்டும் என்று உறுதி கூற என்னால் இயலாது. ஆகையால், கல்லூரிப் பட்டப் படிப்பையும் பாட்டு வகுப்பையும் விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவளும் இசைந்தாள். எஞ்சியதை அவளுடைய உழைப்பு தீர்மானிக்கட்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. நம் குழந்தைகள் நமக்குப் பழகாத ஒரு கருவியைக் கையில் எடுக்கும்பொழுது, நம் பாட்டை அவர்கள் கைவிட்டார்கள் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். முதலில் அமர்ந்து கேட்போம். நான்கு முறையாவது கேட்போம். ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த மோகனம் அதற்குள் இருக்கவும் கூடும்.