இரங்கலும் இரக்கமும்



செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை நிழலில் நின்று இறைவனுடைய காருண்யத்தைப் பற்றிப் பேச வருகிறவன், கடவுளே நமக்குக் கோட்டை என்னும் சங்கீதக்காரரின் உவமையைத் தொட்டே தொடங்குவான் என்று தாங்கள் எதிர்பார்த்திருக்கலாம். இவ்வூர்ப் பிரசங்க மேடைகளில் அந்த உவமை வேண்டிய மட்டும் உழைத்துவிட்டபடியால், அதற்கு இன்று ஓய்வு கொடுத்து, இரண்டு சொற்களின் கதையைச் சொல்லத் துணிகிறேன்.

முதற்சொல் இரக்கம். எபிரேயர் தயையைக் குறிக்க வழங்கும் சொல் தாயின் கருப்பையோடு உறவுடையது. லத்தீன் சொல்லோ துன்பத்தையும் இருதயத்தையும் ஒன்றாகக் கோத்தது. நம் சொல் ஒலியிலே பிறந்தது. இரங்குதல் என்பதற்கு ஒலித்தல் என்றும், வாய்விட்டுப் புலம்புதல் என்றும், மனம் இளகி அருளுதல் என்றும் பொருள் உண்டு. பிரிந்தவரை நினைந்து கடற்கரையில் கலங்கும் நெய்தல் திணைக்கு இரங்கலையே உரிப்பொருளாக வகுத்தார்கள் நம் முன்னோர். ஆகவே ஆண்டவரை நோக்கி 'இரங்கும்' என்று மன்றாடும் தமிழன், மன்னிக்க வல்லவரிடம் கூட அமர்ந்து அழவும் வேண்டும் என்று, தான் அறியாமலே கேட்டுவிடுகிறான்.

இரண்டாவது சொல்லுக்கும் நெய்தற்கரையோடு சம்பந்தம் உண்டு. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊழியம் செய்த அண்டிரிக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் 16 பக்கத் 'தம்பிரான் வணக்க'த்தை அச்சிட்டது பலரும் அறிந்தது. 1580-ல் கொச்சியில் அவர் அச்சிட்ட 'கொம்பெசியொனாயரு'வை நினைப்பவர் குறைவு. பாவத்தை எப்படி ஆராய்வது, எப்படி வாய்திறந்து சொல்வது என்று கற்பிப்பது அந்நூல். தமிழ் எழுத்து அச்சேறிய தொடக்கக் காலத்திலேயே, மனிதன் தன் குற்றத்தைச் சொல்லுவதற்கு ஒரு புத்தகம் கிடைத்துவிட்டது! பறங்கிப் பெயர் பின்னர் உதிர்ந்துபோக, பாவசங்கீர்த்தனம் என்னும் சொல் வழக்கில் வேரூன்றிற்று. இறைவனுடைய மகிமையை வாயாரப் பாடுவதற்குரிய சங்கீர்த்தனத்தின் முன்னே பாவத்தைக் கொண்டுவந்து நிறுத்தியவர் யாராயினும், அவருடைய துணிச்சலை மெச்சாமல் இருக்க என்னால் முடியவில்லை. இக்காலத்தில் ஒப்புரவு என்கிறோம். வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த அருமையான சொல்தான்; ஆனால் அதில் குரல் இல்லை.

அந்தக் குரலை அடக்கிக்கொள்பவனுடைய நிலையை இவ்வூர்க் கோட்டையிலேயே காணலாம். 1597-ல் சேசு சபையின் பார்வையாளராகிய நிக்கோலாஸ் பிமெந்தா, கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட இந்தச் செஞ்சிக்கு வந்து, இதன் பெருக்கத்தைக் கண்டு வியந்து எழுதினார். அவர் வியந்த கோட்டையின் உச்சிக்கு ஏறுவோர், ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமாகப் பாறை பிளந்து கிடக்கும் இடத்தில் பாலத்தின் மேல் நடந்தே அப்பால் போகிறார்கள். பாலத்தை எடுத்துவிட்டால் விரல்விட்டு எண்ணத்தக்க வீரரே ஒரு சேனையைத் தடுத்துவிடலாமாம். தன் குற்றத்தைச் சொல்ல மறுக்கிறவனும் இவ்வகைப் பாதுகாப்பிலேதான் இருக்கிறான். அவனிடம் பகைவனும் வரமாட்டான், வைத்தியனும் வரமாட்டான்.

இரக்கத்தைப் பற்றிப் பேசும்போது போலந்து தேசத்துக் கன்னிகை பவுஸ்தீனாவையும் சொல்லியாக வேண்டும். 1931 பிப்ரவரி 22-ல் தாம் கண்டதாக அவர் தெரிவித்த காட்சியிலிருந்தே, செந்நிறமும் வெண்ணிறமுமான கதிர்கள் வீசும் இறை இரக்கப் படம் நம் வீட்டுச் சுவர்கள்வரை வந்திருக்கிறது. அவர் எழுத்து வழியாகப் பக்தியைப் பரப்பக் கூடாதென்று 1959-ல் உரோமை விதித்த தடை 1978 வரை நீடித்தது. 2000 ஏப்ரல் 30-ல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். பாஸ்காவின் இரண்டாம் ஞாயிறு இறை இரக்கத்தின் ஞாயிறானது அப்போதுதான். பிற்பகல் மூன்று மணிச் செபத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்லும் நம்மவர், அவ்விரக்கத்தை அண்டை வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்கு மட்டும் நேரம் குறிப்பதில்லை என்பது என் சிறு மனக்குறை.

என் பாலியத்தில், இவ்வூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், கூட்டுக் கிணற்றின் முறைத் தண்ணீர் காரணமாகப் பதினோரு வருஷம் பேசாதிருந்த அண்ணன் தம்பிமார் இருவரை அறிவேன். தபசு காலத்தில் ஒருநாள், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டிருந்த மூத்தவர் வெகுநேரம் எழவேயில்லை. பின்னால் வரிசையில் நின்ற நாங்கள் கால் மாற்றி நின்றோம். அவருக்குக் குருவானவர் இட்ட அபராதம் என்னவென்று, சொல்லவேண்டிய கடமையற்ற அந்த மூத்தவரே பிற்காலத்தில் சொன்னார்: தம்பி வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும்.

அன்று மாலை அவர் தம்பி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். தம்பி எழுந்து உள்ளே போய்விட்டான். தம்பி மனைவிதான் சொம்பைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடித்தும் எழாமல் இருக்கவே, இருட்டும் வேளையில் தம்பி ஒரு முறத்தில் மல்லாட்டையைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, "விதைக்கு உரிக்கணும், அண்ணே" என்றான். இருவரும் உரித்துக்கொண்டிருந்தார்கள்.