எந்திரன்: விலை கொடுத்து வாங்கிய பெயர்

(சங்கரன்கோவிலில் தமிழன்பர்களிடையே நிகழ்ந்த பொழிவின் எழுத்துவடிவம்)



சங்கரன்கோவில் ஆடித்தவசுக்குப் பெயர்பெற்ற ஊர். தறிக்குப் பெயர்பெற்ற ஊர். இவ்விரண்டினும் மேலாக, 1902ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 7ஆம் நாள் மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் பிறந்த ஊர். சொல்லின் வேரைத் தோண்டிக் காண்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டு, 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் இயக்குநராக அமர்ந்து, 1981 சனவரியில் மதுரையில் உயிர் நீத்தவர் அப்பெருமகனார். அவர் பிறந்த மண்ணில் நின்று திரைப்படத்தைப் பற்றிப் பேசுவதா என்று முகஞ்சுளிப்பார் உளர். பேசத்தான் வேண்டும். ஒரு சொல் எங்கே பிறக்கிறது, எவர் வாயால் பரவுகிறது, எவர் கையால் கைவிடப்படுகிறது என்பது நூலகத்தில் மட்டும் முடியும் கேள்வியன்று. திரையரங்கின் வாயிலிலும் அது தீர்மானமாகிறது.

2010ஆம் ஆண்டு அக்தோபர் முதல் நாள் 'எந்திரன்' திரைக்கு வந்தது. அந்நாளை இங்கிருப்போர் பலரும் மறந்திரார். அதற்காகத் தமிழ்நாடு காத்திருந்த காத்திருப்பு சிறிதன்று. இயக்குநர் சங்கர் நெஞ்சில் அக்கதை கருக்கொண்டது ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பு. முதலில் கமலகாசனை வைத்து எடுக்க முனைந்தார். ஒப்பனை செய்து ஒளிப்படமும் எடுத்துப் பார்த்தபின் அது நின்றது. பின்னர் வடபுலத்து நடிகர் சாருக்கானோடு பேச்சு நடந்து, அதுவும் முறிந்தது. 2008இல் இரசினிகாந்து கதைத்தலைவர் ஆனார். தொடங்கிய நிறுவனம் பணமுடையால் பின்வாங்க, அவ்வாண்டின் இறுதியில் சன் குழுமம் படத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கிடையே உரையாடல் எழுதத் தொடங்கியிருந்த எழுத்தாளர் சுசாதா 2008 பிப்பிரவரியில் மறைந்தார். அவர் 'என் இனிய இயந்திரா' என்று முன்பே புதினம் எழுதி, இயந்திர நாய் ஒன்றைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் ஓடவிட்டவர். அவர் விட்ட இடத்தைச் சங்கரும் மதன் கார்க்கியும் நிரப்பினர்.

இப்படத்துக்கு முதலில் வழங்கிய பெயர் 'ரோபோ' என்பதே. தாளிகைகள் அப்படித்தான் எழுதின; சுவைஞர்கள் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு அது எந்திரன் ஆயிற்று. எதனால் ஆயிற்று என்பதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

2004, 2005ஆம் ஆண்டுகளில் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம் ஆங்கிலப் படப்பெயர்களை எதிர்த்துக் களத்தில் இறங்கியது. 'மும்பை எக்சுபிரசு' என்ற பெயருக்கு எதிர்ப்பு எழுந்தது. ஆங்கில எழுத்துகள் இரண்டைப் பெயராகச் சூட்டியிருந்த மற்றொரு படம் 'அன்பே ஆருயிரே' என்று மாறியது. திட்டினர் சிலர், எள்ளினர் பலர். கலைஞனின் உரிமையில் கைவைப்பதா என்று நீதி பேசினர். அவ்வாறு பேசியவர்களின் வாயை அடைத்தது அறமன்று, வரி. 2006 சூலையில் கலைஞர் கருணாநிதியின் அரசு, தமிழிற் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரியினின்று விலக்கு அளித்தது. அவ்வளவுதான்! எழுத்துரிமை பேசியோர் ஒரே இரவில் அகரமுதலியைப் புரட்டினர். 'சம்திங் சம்திங்' என்னும் ஒட்டு உதிர்ந்து 'உனக்கும் எனக்கும்' மட்டும் நின்றது. 'சில்லென்று' என்பதன் தலையில் இருந்த வடவெழுத்து இறங்கிச் சகரம் ஏறியது. முதல் உலகப்போரில் 1914இல் சென்னையின்மீது குண்டு வீசிய செருமானியக் கப்பலின் பெயரால் வழங்கிய 'எம்டன் மகன்', நடுவிலுள்ள 'டன்' மறைந்து 'எம் மகன்' ஆனான். இடையெழுத்து இரண்டை எடுத்ததும் நற்றாய் கூற்றுப்போல ஒலித்த அப்பெயரைக் கண்டு புலவர்கள் தாமே சிரித்துக்கொண்டனர்.

அந்த வரிசையில் வந்ததே எந்திரன். ஆகவே இது தமிழ்ப்பற்றால் வைத்த பெயரன்று, விலை கொடுத்து வாங்கிய பெயர். விலை கொடுத்தது தமிழ்நாட்டு அரசின் கருவூலம், அதாவது மக்கள்.

வாங்கிய பொருள் தரமானதா என்பதையும் பார்த்துவிடுவோம்.

'ரோபோ' என்பது ஆங்கிலம் என்றே நம்மவர் எண்ணுகின்றனர். ஆங்கிலமன்று. செக்கு மொழியாளரான கரேல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தில் பிறந்த சொல் அது. செயற்கை உழைப்பாளிகளுக்கு இலத்தீன் வேரிலிருந்து ஒரு பெயர் வைக்கவே முதலில் எண்ணினார் சாப்பெக். அது ஏட்டுச்சொல்லாக அவர்க்குப் பட்டது. ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த தமையனார் யோசெபிடம் கேட்க, அவர் தம் தாய்மொழியிலிருந்து 'ரோபோத்தா' என்பதன் அடியாக ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்தார். பண்ணையாட்கள் நிலக்கிழார்க்குக் கூலியின்றிச் செய்து தீர்க்கவேண்டிய கட்டாய உழைப்புக்கு ரோபோத்தா என்று பெயர். நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருமே, அதுவே இது. ஆக ரோபோ என்பதன் நேர்ப்பொருள் வெட்டியாள்! நூற்றாண்டுக்கணக்கில் செருமன் மொழியின் அழுத்தத்தில் கிடந்து மீண்ட ஒரு சிறுமொழி, இலத்தீனை ஒதுக்கித் தன் நாட்டுப்புறச் சொல்லொன்றை நாடகத்தில் வைத்தது. உலகம் முழுதும் அதை எடுத்துக்கொண்டது. செக்கு மொழி பேசுவோர் தொகை தமிழ் பேசுவோர் தொகையில் ஆறில் ஒரு பங்கும் இராது.

எந்திரன் அத்தகைய சொல்லா? 'எந்திரம்' வடசொல்லின் வழிவந்தது, பொறி என்னும் தூய சொல் இருக்க இஃதெதற்கு என்பார் நம்முள்ளேயே உளர். ஆயினும் கரும்பு பிழியும் ஆலைக்கு எந்திரம் என்னும் பெயர் ஐங்குறுநூற்றிலும் புறநானூற்றிலும் வந்துவிட்டது. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க வீரரை உள்ளே மறைத்து விட்டது எந்திர யானை. சிந்தாமணியில் கருவுற்ற விசயை வான்வழியே தப்பியது மயிற்பொறியில். இயங்கும் பொறிகளைக் கற்பனை செய்வதும் அவற்றுக்குப் பெயரிடுவதும் தமிழர்க்குப் புதியவை அல்ல.

ஆனால் இப்பெயரின் உயிர் 'எந்திரம்' என்னும் பகுதியில் இல்லை. ஈற்றில் நிற்கும் னகர ஒற்றில் இருக்கிறது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்கும்போதே உலகத்துப் பொருள்களை இரண்டாகப் பிரித்துவிடுகிறார். மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. எந்திரம் அஃறிணை. அதற்கு ஆண்பால் ஈறாகிய னகரத்தைக் கொடுத்தவுடன் அது வேலி தாண்டி உயர்திணைக்குள் நுழைந்துவிடுகிறது. படத்தின் கதை என்ன? ஒரு பொறி மாந்தனாக விழைகிறது, காதல் கொள்கிறது, அடங்காமற் போகிறது. மூன்று மணிநேரக் கதையை ஓரெழுத்து முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தெலுங்கில் 'ரோபோ' என்றும் இந்தியில் 'ரோபோட்டு' என்றும் அதே நாளில் வெளியான படிகளின் பெயருக்கு இந்த ஆற்றல் கிடையாது. வரிக்காகத் தேடிய பெயர், மூலப்பெயரினும் சிறந்துவிட்டது. இதை ஒப்புக்கொள்வதில் தனித்தமிழார்க்குத் தயக்கம் வேண்டுவதில்லை.

இனி அந்த ஆரவாரம். 2010 சூலை 31ஆம் நாள் மலேசியாவில் பாடல் வெளியீட்டு விழா. செப்தம்பரில் சென்னையில் முன்னோட்ட வெளியீட்டுக்கென ஒரு விழா. முன்னோட்டத்துக்கும் விழா எடுப்பது அன்றைக்குப் புதுமை. படத்தை ஆக்கிய குழுமத்திடமே தொலைக்காட்சி இருந்தது. 'தினகரன்' நாளேடு இருந்தது. பண்பலை வானொலி இருந்தது. காலையில் கண் விழித்தால் எந்திரன். இரவு விளக்கணைத்தால் எந்திரன். செய்தி எது, விளம்பரம் எது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் ஒன்றாய்க் குழைந்தன. வெளியீட்டு நாளில் விடியுமுன்னரே அரங்க வாயில்களில் கூட்டம். வெட்டுருவங்களுக்குப் பால்முழுக்கு, மாலை, சூடம், வெடி. பாலுக்கு அழும் பிள்ளைகள் உள்ள நாட்டில் அட்டை உருவத்தின் தலையில் பால் ஊற்றுவதைப் பற்றி இம்மேடையில் முன்பும் பலர் வருந்தியுள்ளனர். அவ்வருத்தத்தில் மாற்றமில்லை.

ஆனால் வேறொன்றையும் எண்ணிப் பாருங்கள். தனித்தமிழ் இதழ்கள் எத்தனை எத்தனை சொற்களை ஆக்கித் தந்தன! சில நூறு படிகள், சில ஆயிரம் படிகள் அச்சாகும், அஞ்சலில் போகும், படித்தவர் போற்றுவர், சொல் அங்கேயே தங்கிவிடும். இங்கோ மூன்றே திங்களில், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் மழலை மாறாத பேரனும் எந்திரன் என்றனர். அதே படத்துப் பாட்டொன்று 'அரிமா' என்று தொடங்கியது. சிங்கத்தை அரிமா என்றால் 'இது யாருக்கப்பா புரியும்' என்று கேட்டவர்கள், அரிமா சங்கத்துப் பலகையில் மட்டும் அச்சொல்லைக் கண்டவர்கள், அதையே தாளம் போட்டுப் பாடினர். சொல் கடினம் என்பது சொல்லின் குற்றமன்று. காதில் விழாமையின் குற்றம்.

அத்தோடு நின்றதா நிறைவு? இல்லை. வரிவிலக்கு ஆணை கேட்டது பெயரை மட்டும். எனவே பெயர் மட்டும் தமிழாயிற்று. வாயிற்படியில் மாக்கோலம், உள்ளே பிறர் குடியிருப்பு. அப்பொறிக்குப் பெயர் 'சிட்டி'. அதை ஆக்கிய அறிஞருக்கோ 'வசீகரன்'. உரையாடலில் ரோபோ தாராளமாய்ப் புழங்கியது; ஒரு பாட்டே ரோபோவை விளித்து எழுதப்பட்டது. ஆப்பிரிக்க மலையொன்றின் பெயரால் தொடங்கும் பாட்டைத் தென்னமெரிக்காவின் மச்சு பிச்சு இடிபாடுகளிடையே படம்பிடித்த குழுவுக்கு, தமிழில் நான்கு கலைச்சொல் தேடுவது தொலைவாகப் பட்டிருக்கிறது. சுவைஞர்கள் குறை கூறவில்லை. படம் பெரும்பொருள் ஈட்டியது. கலையமைப்புக்காகச் சாபு சிரிலும், காட்சி நுட்பத்துக்காகச் சீனிவாசமோகனும் நடுவணரசின் விருது பெற்றனர். அவ்விரண்டும் தகுதியால் வந்தவையே.

பிறகு காலம் மாறியது. 2011இல் ஆட்சி மாறியபின் விலக்குக்குரிய வரையறைகள் மாறின. எல்லாரும் காணத்தக்கது என்னும் சான்று வேண்டும், தமிழ்ப் பண்பாட்டை வளர்க்கவேண்டும் என்றெல்லாம் சேர்ந்தன. 2017 சூலை முதல் நாள் நாடு முழுமைக்கும் ஒரே பொருள்-பணி வரி வந்தபோது, பழைய கேளிக்கை வரியோடு அவ்விலக்கின் பயனும் போயிற்று. 2018 நவம்பர் 29இல் எந்திரனின் அடுத்த பகுதி வந்தது. அதன் பெயர் '2.0'. ஓர் எண், ஒரு புள்ளி, ஒரு சுழி. படிக்கும்போது 'டூ பாயிண்டு ஓ'. பெயரில் தமிழெழுத்து ஒன்றுகூட இல்லை. விலக்கு போனதால் இப்பெயர் வந்தது என்று சொல்வது முறையாகாது. விலக்கு இருந்த 2015 இறுதியிலேயே அப்பெயரை அறிவித்துவிட்டனர். உண்மை அதனினும் கசப்பானது. ஐந்நூறு கோடி உருபா செலவு பேசப்பட்ட ஒரு படத்துக்கு, பெயரால் கிடைக்கும் சலுகை ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. ஆணையால் வந்த தமிழ் அவ்வளவு தொலைவுதான் நடந்தது.

2023இல் அதே நிறுவனமும் அதே நடிகரும் சேர்ந்து எடுத்த படம் 'செயிலர்' என்று ஆங்கிலப் பெயரோடே வந்து வென்றது. கேட்பார் இல்லை. 2025 ஆகத்துப் 14இல் மீண்டும் அவர்களே ஒரு படம் தந்தனர். அதன் பெயர் 'கூலி'. வள்ளுவர் ஆண்ட சொல். ஆங்கிலத்தார் உலகமெங்கும் கொண்டுசென்ற 'கூலி'க்குத் தமிழே வேர் என்பாரும், கூர்ச்சரத்துக் கோலி மரபினரைக் காட்டுவாரும் உளர். எப்படியாயினும், இம்முறை எவரும் வரியைத் தள்ளிக் கொடுத்து வாங்கிய பெயரன்று அது. ஏழை உழைப்பாளியின் வாயில் என்றும் இருக்கும் சொல்லாதலின் தானே வந்தது. செக்கு மொழியின் ரோபோத்தா கூலி இல்லாத உழைப்பு. நம் சொல்லோ உழைப்புக்குரிய கூலி. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட எந்திரனை இன்று சிலர் 'எந்திரனியல்' என்று அறிவியல் துறைப்பெயராக எழுதுகின்றனர். நாளேடுகள் பெரும்பாலும் ரோபோ என்றே எழுதுகின்றன. பள்ளியில் ஆசிரியர் எதை எழுதிப்போடுகிறாரோ அதையே பிள்ளைகள் எழுதுவர்.

அப்படத்தின் இறுதிக்காட்சி நினைவிருக்கும். வழக்குமன்றத் தீர்ப்பால் தன் உறுப்புகளைத் தானே கழற்றிவைத்த அப்பொறி, 2030ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்துக் கண்ணாடிக்குள் நிற்கிறது. பார்க்க வந்த பள்ளிப்பிள்ளை ஒன்று, அதை ஏன் கழற்றிவிட்டார்கள் என்று கேட்கிறது. சிந்திக்கத் தொடங்கியதே கரணியம் என்று பொறியே விடை சொல்கிறது. அவ்விடையில் அது தன்னை 'நான்' என்கிறது. தன்மைச் சொல்லைத் தொல்காப்பியர் உயர்திணையோடு வைத்தார். பவணந்தியார் அதை இருதிணைக்கும் பொது என்றார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நன்னூலார் திறந்துவைத்த அந்த வாயில் வழியாகத்தான் அப்பொறி பேசிவிட்டுப் போகிறது.