இளைஞரும் இணையக் கேளிக்கையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழகத்தினின்றும் நெடுந்தொலைவில் வாழும் நமக்குப் புதிய தமிழ்ப்படம் காண்பது எளிதன்று. இவ்வூர்க் கொட்டகைகளுக்கு அது வருவது அரிது. ஆகவே, "கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்குமா, பார்" என்று நம் மகனிடம் நாமே கேட்டோம். அவன் திருட்டுத் தளமொன்றை நாடி, அது காட்டிய செயலியை இறக்கினான். படம் வரவில்லை, வங்கிக் கணக்கிலிருந்த பணம் போயிற்று. கடிந்துகொண்டோம். "நீங்கள்தானே கேட்டீர்கள், அப்பா?" என்றான். நமக்கு நாவெழவில்லை. பயணச்சீட்டின்றி ரெயிலேறுவோரை இகழும் ரெயில்வே குமாஸ்தாவாகிய நாம், சீட்டின்றிப் படம் காண விழைந்தோமல்லவா?

படத்தைத் திருடிப் பரப்புவோர்க்கு 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மூன்றாண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. ஆயினும், அச்சுறுத்தல் மட்டும் பயன் தாராது. நேர்வழியையும் காட்டல் வேண்டும். பிரசார் பாரதி 2024-இல் தொடங்கிய 'வேவ்ஸ்' செயலியில் தமிழ் நிகழ்ச்சிகளும் உண்டு. பழைய படங்கள் பலவற்றை உரிமையாளர்களே யூடியூபில் வெளியிட்டுள்ளனர். கட்டணத் தளங்கள், 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, 7, 13, 16 என வயதுக் குறியிட வேண்டும். 13-க்கும் அதற்கு மேற்பட்ட குறியுடையவற்றுக்கும் பெற்றோர் பூட்டிட வசதி தருதல் வேண்டும். பணம் பறிபோயின், வெட்கி மறையாது, உடனே 1930 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும்.

வரும் ஞாயிறு மாலை பெற்றோரும் பிள்ளைகளும் கைப்பேசியுடன் சங்க அறைக்கு வருக! பூட்டிடும் முறையைப் பிள்ளைகளிடம் நாம் கற்போம். விலை கொடுத்துக் காணும் நேர்மையை நம்மிடம் அவர்கள் கற்கட்டும்.