நிலம் அங்கேயேதான் இருக்கு, பட்டாவுலதான் பேரு வேற!

(தஞ்சாவூரில் மின்சேவைகள் குறித்துப் பேசியதன் எழுத்து வடிவம்)



மேட்டூர்ல தண்ணி திறந்தாச்சா, கடைமடைக்கு வந்துச்சா என்று பேசுகிற ஊரில் நின்றுகொண்டு இ-மெயில் பற்றிப் பேசப் போகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீங்க. பயிர்க் காப்பீட்டு ரசீது, வங்கிக் கடிதம், விதை பில் எல்லாம் இன்றைக்கு மெயிலில்தான் வருகிறது.

என் சித்தப்பா பாபநாசம் பக்கம் சின்னதாக ஒரு அரிசி ஆலை வைத்திருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, "காகிதம் நனையும், மெயில் நனையாது" என்று எல்லா ஆவணத்தையும் ஸ்கேன் செய்து தனக்குத்தானே மெயில் அனுப்பி வைத்துக்கொள்வார். ஆலை கம்ப்யூட்டரில் அவுட்லுக்கில் அத்தனையும் இருந்தது.

போன வருஷம் ஆலையின் மூன்று கம்ப்யூட்டர்களையும் ஒரே சர்வரின் கீழ் இணைத்தார்கள். 'ஒர்க்குரூப்' என்று இருந்த நெட்வொர்க் அமைப்பை 'டொமைன்' என்று மாற்றினார்கள். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் டெஸ்க்டாப் காலி. அவுட்லுக்கும் காலி. வந்து பார்த்த டெக்னீஷியன், "பழைய மெயில் போயிடுச்சு சார், ஃபார்மேட் பண்ணிப் புதுசா போட்டுக்கலாம்" என்றாராம்.

சித்தப்பா எனக்குப் போன் செய்தார். "ஏம்மா, சம்பா இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் அதுலதாம்மா இருக்கு. போனா போனதுதானா?"

"சித்தப்பா, முதல்ல ஃபார்மேட் பண்ண விடாதீங்க" என்றேன். நான் சொன்னதிலேயே உருப்படியானது அந்த ஒரு வார்த்தைதான்.

என்ன நடந்தது? பட்டாவை வைத்துச் சொன்னால் நம்ம ஊருக்குப் புரியும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பயனருக்கும் உள்ளுக்குள் ஓர் அடையாள எண் உண்டு. ஒவ்வொரு கோப்பும் யாருக்குச் சொந்தம் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் எழுதி வைத்திருக்கும். டொமைனில் சேர்ந்து புதுக் கணக்கில் நுழைந்தால், பெயர் ஒன்றாகவே இருந்தாலும் எண் வேறு. கம்ப்யூட்டருக்கு நீங்க புது ஆள். அதனால் புதிதாக ஒரு காலி வீட்டைக் கொடுத்துவிட்டு, பழைய வீட்டுக் கதவைத் தட்டினால் 'அனுமதி இல்லை' என்று சொல்லும். ஆனால் நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உங்களுக்கு இப்படி ஆனால் வரிசையாக இதைச் செய்யுங்க.

முதலில், போனில் பிரவுசர் வழியாக மெயிலைத் திறந்து பாருங்கள். பழைய மெயில்கள் அங்கே இருந்தால் எதுவும் போகவில்லை. கம்ப்யூட்டரில் கணக்கை மறுபடி சேர்த்தால் தானே இறங்கிவிடும். சித்தப்பாவுடையது பழைய 'பாப்' முறை. அதில் மெயில் கம்ப்யூட்டருக்கு இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடலாம். அப்போது கம்ப்யூட்டரில் இருப்பது மட்டுமே ஒரே பிரதி.

இரண்டாவது, பழைய கணக்கிலேயே நுழைந்து பாருங்கள். நுழையும் திரையில் 'அதர் யூசர்' என்பதைத் தொட்டு, ஒரு புள்ளி, ஒரு பேக்ஸ்லாஷ், அதையடுத்துப் பழைய பயனர் பெயர். பாஸ்வேர்டும் பழையதுதான். பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, அதுவும் முடியாவிட்டால் சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் பழைய பெயரைத் தேடுங்கள். அதனுள் 'டாக்குமென்ட்ஸ்', அதனுள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்'. பி.எஸ்.டி. என்று முடியும் கோப்புதான் உங்கள் மெயில் மூட்டை. ஓ.எஸ்.டி. என்று முடிந்தால் அது சர்வரில் இருப்பதன் நகல். அதோடு போராடாமல் கணக்கை மறுபடி சேர்த்தால் போதும்.

ஃபோல்டர் திறக்கவில்லையா? இங்கேதான் பட்டா மாறுதல். அட்மின் உரிமை உள்ள கணக்கில் நுழைந்து, அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போங்கள். 'ஓனர்' என்பதற்குப் பக்கத்தில் 'சேஞ்ச்' இருக்கும். அதில் புதுக் கணக்கின் பெயரைக் கொடுத்து, உள்ளே இருக்கும் கோப்புகளுக்கும் பொருந்தும்படி டிக் செய்யுங்கள். அதே செக்யூரிட்டி பக்கத்தில் அந்தப் பெயருக்கு முழு அனுமதியும் கொடுங்கள். பிறகு அவுட்லுக்கை மூடிவிட்டு, பி.எஸ்.டி. கோப்பை வேறிடத்தில் நகல் எடுங்கள். வழக்கமான அவுட்லுக்கில் ஃபைல், 'ஓபன் அண்ட் எக்ஸ்போர்ட்' வழியாக அந்த நகலைத் திறங்கள். மூலத்தைத் தொடாதீங்க.

இரண்டு எச்சரிக்கை. கோப்புகளை விண்டோஸிலேயே என்க்ரிப்ட் செய்து வைத்திருந்தால் ஓனரை மாற்றினால் மட்டும் திறக்காது. பழைய கணக்கின் சாவி வேண்டும். அதனால் பழைய கணக்கை அழிக்கவும் கூடாது, அதன் பாஸ்வேர்டை வலுக்கட்டாயமாக மாற்றவும் கூடாது. அடுத்தது, அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் பொறுப்பாளர் அனுமதியோடு மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் ஃபோல்டருக்கு நாம் பட்டா போடக்கூடாது, இல்லையா?

சித்தப்பாவுக்கு மூன்றாவது வழியில்தான் கிடைத்தது. நான் போனில் சொல்லச் சொல்ல, அதே டெக்னீஷியன்தான் செய்தார். இன்சூரன்ஸ் ரசீதைப் பார்த்ததும் சித்தப்பா சொன்னது: "இனிமே ஒரே பத்தாயத்துல எல்லா நெல்லையும் கொட்ட மாட்டேம்மா."

அதுதான் நானும் உங்களிடம் சொல்ல வந்தது. பட்டா, சிட்டாவை அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் எப்போது வேண்டுமானாலும் மறுபடி எடுக்கலாம். காப்பீட்டு விண்ணப்ப எண் கையில் இருந்தால் பயிர்க் காப்பீட்டுத் திட்ட இணையதளத்தில் நிலையைப் பார்க்கலாம். ஆதார் போன்றவற்றை டிஜிலாக்கரில் வையுங்கள். மெயிலில் மட்டுமே உள்ளதை ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். முக்கியமான எண்களை ஒரு நோட்டிலும் எழுதுங்கள்.

மெயிலை மீட்டுத் தருகிறோம் என்று யாராவது போனில் ஓ.டி.பி. கேட்டாலோ, திரையைப் பகிரும் ஆப் போடச் சொன்னாலோ தராதீங்க. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

கம்ப்யூட்டரில் ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பதறி ஃபார்மேட் செய்தால்தான் உண்மையிலேயே போகும். நெட்வொர்க்கை மாற்ற ஆள் வருகிற அன்றைக்கு, அவர் மவுஸைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.