கவுளிக் கணக்கு



1895 முதல் பெரியாற்று அணையின் நீரைப் பெற்றுவரும் கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூர் வெற்றிலைக்குப் பெயர் பெற்ற ஊர். போடிநாயக்கனூரில் ஏலக்காயை நிறுத்து விற்பர். வெற்றிலையையோ எண்ணி விற்பதும் வழக்கம். நூறு இலை கொண்டது ஒரு கவுளி என்பது பழைய வழக்கு. அக் கவுளியைத் துணைக் கொண்டே எண்களின் இடமதிப்பை உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

கொடிக்காலிலிருந்து 2,307 இலைகள் வந்தன எனக் கொள்வோம். அவை எத்தனை கவுளி? வகுத்துப் பார்க்க வேண்டுவதில்லை. கடைசி இரண்டு இலக்கங்களை விரலால் மறையுங்கள்; 23 நிற்கும். ஆகவே, 23 கவுளியும் 7 உதிரி இலைகளும் ஆகும். பத்துப் பத்தாகக் கட்டினால் 230 கட்டும் அதே 7 இலைகளும் வரும். ஆனால், பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டுவதாயின் வகுத்தே தீர வேண்டும். 192 கட்டுகள் போக 3 இலைகள் எஞ்சும்.

ஏன் இவ்வேற்றுமை? நாம் எண்ணை எழுதும் முறையே பத்துப் பத்தாகக் கட்டும் முறை. பத்து ஒன்றுகள் ஒரு பத்து; பத்துப் பத்துகள் ஒரு நூறு. இலக்கம் நிற்கும் இடமே அது எந்தக் கட்டைச் சேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

நம் முன்னோர் பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் வைத்திருந்தனர். இதே எண்ணை அவர்கள் இரண்டு, ஆயிரக்குறி, மூன்று, நூற்றுக்குறி, ஏழு என எழுதினர். பத்துகள் இல்லாமையால் பத்தின் குறியும் இல்லை. அங்கே பூச்சியத்துக்கு வேலையில்லை. இடமுறையிலோ இடமே குறியாகிறது. ஆகையால் வெற்றிடத்தையும் காத்தாக வேண்டும், அக்காவலே பூச்சியம். அதை விடுத்து 237 என்று எழுதினால் 2,070 இலைகள் கணக்கிலிருந்து மறைந்துபோம். இலை கிள்ளி, எண்ணி, அடுக்கியவர்க்கு இருபது கவுளிக்கு மேற்பட்ட உழைப்பு வீணாகும்.

பணத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். முன்பு ரூபாய்க்குப் பதினாறு அணா. 2,307 அணாவை ரூபாயாக்கப் பதினாறால் வகுத்தனர். 1957 ஏப்ரல் 1ஆம் நாள் ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. அதன்பின் 2,307 பைசா என்றதும் 23 ரூபாய் 7 பைசா என்று சிறுவரும் சொல்லலாயினர். நாணயமும் கவுளியின் வழிக்கு வந்தது!

ஆகவே, நண்பர்களே, ஓர் எண்ணைக் கண்டால் ‘எவ்வளவு?’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘எத்தனை கட்டு, எத்தனை உதிரி?’ என்றும் கேளுங்கள். விடை அவ்வெண்ணிலேயே எழுதப்பட்டிருக்கும்.