குட்டைப் பிள்ளையும் குலவாகும்

(கும்மிடிப்பூண்டியில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



"பிள்ளை ஏன் வளரவில்லை?" என்று கேட்டால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? பட்சி தோஷம் என்கிறார் ஒருவர். திருஷ்டி என்கிறார் மற்றொருவர். கொஞ்சம் படித்தவரோ, "அது எங்கள் குலவாகு" என்கிறார். தோஷத்திற்குத் தாயத்துக் கட்டியாய்விட்டது. குலவாகுக்கோ மருந்தே கிடையாது. ஆகவே எல்லோரும் நிம்மதியாய்த் தூங்கப் போய்விடுகிறார்கள். பிள்ளை மாத்திரம் பசியோடு படுக்கிறது.

குலவாகு என்பது எவ்வளவு தூரம் வாஸ்தவம்? உலக சுகாதார நிறுவனத்தார் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு தேசங்களில் குழந்தைகளை அளந்தார்கள். நம் தேசத்திற்காகத் தெற்கு டில்லியில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பாலும், நல்ல ஆகாரமும், வைத்தியமும் குறைவின்றிக் கிடைத்தபோது டில்லிப் பிள்ளையும் நோர்வேப் பிள்ளையும் ஐந்து வயதுவரை ஏறக்குறைய ஒன்றுபோலவே வளர்ந்தன. அதை வைத்து 2006-ல் அளவு வகுத்தார்கள். இரண்டு வயது ஆண் குழந்தை நடுத்தரமாய் 87 சென்டிமீட்டர் இருக்கும்; 81-க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியது. பெண்ணுக்கு அந்தக் கோடு ஏறக்குறைய 79.

தராசு ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நாலு நாள் பேதியானால் எடை இறங்கும், தேறினால் ஏறும். உயரமோ, தாய் வயிற்றிலிருந்தே சேர்ந்துவந்த பட்டினிக்கும் நோவுக்கும் எழுதி வைத்த கணக்கு. தெருவில் எல்லாப் பிள்ளைகளும் குட்டையாயிருந்தால், தன் பிள்ளை குட்டை என்று எந்தத் தாய்க்குத் தெரியும்?

அளப்பதிலும் யோக்கியமாய் இருக்கவேண்டும். இரண்டு வயதுக்குட்பட்டதைப் பலகையில் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றொருவர் முழங்காலை நீட்டி அளக்கவேண்டும். பெரியதை நிறுத்தி அளக்கவேண்டும். அழுகிற பிள்ளையைச் சுவரில் சாத்தி, உச்சிக் குடுமியோடு சேர்த்து அளந்தால், குன்றிய பிள்ளை தாளில் நல்ல பிள்ளையாகிவிடும். வயதும் சரியாய் இருக்கவேண்டும். ஜாதகம் எழுதி வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டு வாருங்கள். அதில் உருப்படியான விஷயம் பிறந்த தேதி ஒன்றுதானே!

2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வளர்ச்சி குன்றியவர்கள் இந்தியாவில் 100-க்கு 35.5, தமிழ்நாட்டில் 25. நாலில் ஒன்று! தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வீடுகளில் இது அதிகமென்பதையும் அதே கணக்கு காட்டுகிறது. இதுவும் குலவாகுதானா?

சென்னை நகரசபை 1920-ல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு போட்டது; 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கினார்கள், 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. நாம் பெருமைப்படலாம். ஆனால் குன்றுவது பெரும்பாலும் கர்ப்பம் முதல் இரண்டு வயதுக்குள். பிள்ளை பள்ளிக்கூட வாசற்படி மிதிப்பதற்கு வெகு முந்தி. "குழந்தை சிறியதானால் பிரசவம் சுலபம்" என்று கர்ப்பிணியின் சோற்றைக் குறைப்பதும், ஆறு மாதம் முடிந்தும் நல்ல நாள் பார்த்துச் சோறூட்டலைத் தள்ளுவதும், பிறகு பருப்பை விட்டுப் பருப்புத் தண்ணீரை மாத்திரம் ஊட்டுவதும் அந்தக் காலத்திலேதான் நடக்கின்றன. கூலி போதாத வீட்டில் முட்டை வாங்க வழியில்லாமற் போவது வேறு. அதற்குத் தாயைக் குறை சொல்லுவது அக்கிரமம்.

இன்னொரு கூட்டமும் உண்டு. நம் திருவள்ளூர் ஜில்லாவின் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சில மாதம் இங்கே, சில மாதம் அங்கே என்று அலைகிற அந்தக் குழந்தைகள் இரண்டு ஊர்ப் புத்தகத்திலிருந்தும் தவறிப்போவது சுலபம். அங்கன்வாடி ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது. உங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது சூளைத் தாயையும் கூட அழைத்துப் போங்கள். எடையோடு உயரத்தையும் எழுதச் சொல்லி, எழுதியதை வாங்கிப் பாருங்கள்.